என் பெயரில் வந்த ஆட்டம்

கொழும்பில், வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கி, தமிழ்ப் பத்திரிகையொன்றின் விளையாட்டுப் பக்கத்துக்குப் பிழை திருத்திய காலத்தில், ஒரேயொருவனைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்து மேசைக்காரன், கொழும்பிலேயே பிறந்தவன், மாளிகாவத்தையில் வீடு. கிரிக்கெட் ஆட்டமென்றால் மைதானத்துக்குப் போவது அவன். கட்டுரைக்கு மேலே பெயர் வருவதும் அவனுக்கே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு வருடமாகியும் என் பெயர் ஒருநாளும் அச்சில் வந்ததில்லை. அதற்காக எதையும் செய்திருப்பேன்.

அவன் 'அணி வென்றார்கள்' என்று எழுதுவான். எங்கள் பக்கத்தில் அணி ஒருமை. 'வென்றது' என்றே முடியவேண்டும் என்பது ஆசிரியரின் சட்டம். அவனுடைய பன்மைகளைச் சிவப்பு மையால் வெட்டுவதில் எனக்கிருந்த சுகத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

"பதினொரு பேர் ஓடுறாங்க மச்சான், எப்பிடி 'அது' எண்டு சொல்ற?" என்று சிரிப்பான்.

எழுதத் தெரியாதவனுக்குக் கதைக்கு மட்டும் குறைச்சலில்லை என்று மனதுக்குள் திட்டுவேன். வாசகர்களோ அவனுக்குத்தான் கடிதம் போட்டார்கள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், நான் வெட்டிய அவனுடைய தாள்களையெல்லாம் அடுக்கிக்கொண்டுபோய் ஆசிரியரின் மேசையில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை மட்சுக்கு நீரே போம். எழுதிக் காட்டும் பாப்பம்."

அவன் கோபிப்பான் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவனோ எந்த வாசலால் நுழைவது, எங்கே இருந்தால் பந்து நன்றாகத் தெரியும் என்றெல்லாம் தாளில் கீறித் தந்தான். அதற்கும் எரிந்தேன்.

ஞாயிறு காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டேன். வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிந்து வாங்கவேண்டிய பதிவுத் துண்டு பழைய சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. பாண் வாங்கக் கடைக்குப் போனாலும் அதை எடுக்காமல் எங்களில் எவரும் வெளியே கால் வைப்பதில்லை. மைதானத்துக்குச் சற்று முன்னால் பொலிஸார் சோதனைக்காக பஸ்ஸை மறித்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பத்திரிகை அட்டையை நீட்டினேன். பதிவுத் துண்டைத்தான் கேட்டார்கள். பொலிஸ் நிலைய வாங்கிலில் உட்காரவைத்துவிட்டு, என்னைப் பற்றி விசாரிக்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஞாயிறென்பதால் ஆசிரியர் வரவில்லை. தொலைபேசியை எடுத்தவன் அவன்.

அவன் எனக்காக உத்தரவாதம் சொல்லியும் விடுவதற்குப் பின்னேரமாகிவிட்டது. ஆட்டம் முடிந்திருந்தது. அறைக்குப் போய்க் குப்புறப் படுத்தேன்.

மறுநாள் பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு அந்த ஆட்டம். அலுவலகத்தில் வானொலி வர்ணனையைக் கேட்டே அவன் எழுதியிருக்கிறான். மேலே என் பெயர். நான் போயிருந்தாலும் அப்படி எழுதியிருக்கமாட்டேன் என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது.

ஆசிரியர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"உம்மட்ட இப்பிடியொரு எழுத்து இருக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு. இனி மட்சுக்கெல்லாம் நீரே போம்."

அவன் தலையைக் குனிந்தபடி தன் மேசையில் இருந்தான்.

"ஓம் ஐயா" என்றேன்.