விடுபட்ட எர்த் பட்டை

இஸ்ரவேலின் வேலையில் ஒரு சட்டம் உண்டு: கழற்றியவன்தான் பூட்ட வேண்டும், ஒருவர் தளர்த்திய போல்ட்டை மற்றவர் தொடலாகாது. டில்லியில் ஓர் அரசு மோட்டார் பட்டறையில் போர்மனாக இருந்து, 1997இல் ஓய்வு பெற்று, ஆர்.கே.புரத்தில் மகனுடைய குவார்ட்டர்ஸில் வாழ்ந்தபோதும் அவர் அதை விட்டுவிடவில்லை.

மறு ஆண்டு பிப்ரவரியில், பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பத்மநாபன் தம் பழைய எம்.ஜி. காரைக் காட்டினார். இருவரே அமரக்கூடிய, தரையோடு படிந்த சிவப்பு வண்டி. கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும்.

மின்வேலைக்கு இஸ்ரவேல் தம் ஊர்க்காரன் சுப்பையாவை அழைத்துக்கொண்டார். வேலை போய், இரண்டு பெண் குழந்தைகளோடு முனிர்காவில் ஒற்றையறையில் இருந்தவன். சங்கத்தில் எலக்ட்ரீஷியன் இடம் காலியாக இருந்தது. "மொதல்ல ஆளோட வேலையைப் பாக்கறேன். அப்புறம் கமிட்டில சொல்றேன்" என்றார் பத்மநாபன்.

புது கிளட்ச்சோடு சங்கிலிக் கப்பியில் தொங்கிய எஞ்சின், ஆறாம் நாள் மூக்கைத் தாழ்த்தி, அங்குலம் அங்குலமாகத் தன் குழிக்குள் இறங்கியது. இஸ்ரவேல் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து போல்ட்டுகளை முடுக்கினார். பாதியில் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள், எழுந்து போனார்.

மாலையில் பத்மநாபன் எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டும் சோக் குமிழை இழுத்துப் பிடித்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது. சோக் கம்பியிலிருந்து புகை கிளம்பியது. அவர் விரல்களை உதறிக்கொண்டு வெளியே குதித்துச் சுப்பையாவிடம் பாய்ந்தார்.

"என்னய்யா வயரிங் பண்ணியிருக்கே? ஜல்தி ஜல்தின்னு பறந்தியே, இதுக்குத்தானா?"

புகை அடங்குமுன்பே இஸ்ரவேலுக்குப் புரிந்துவிட்டது. எஞ்சினை வண்டியின் உடலோடு இணைக்கும் செம்புப் பின்னல், அந்த எர்த் பட்டை, பூட்டப்படவில்லை. திரும்ப வேறு வழியற்ற மின்சாரம் மெல்லிய சோக் கம்பியில் பாய்ந்திருக்கிறது. பட்டையைக் கழற்றியது அவர் கை. சொல்ல வாயெடுத்தவர், துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். சுப்பையா அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து கருவிகளைப் பொறுக்கினான்.

பத்மநாபன் கை கழுவப் போன நேரத்தில் இஸ்ரவேல் அடியில் நுழைந்து பட்டையைப் பூட்டினார். நான்கு நிமிட வேலை. அடுத்த திருப்பில் எஞ்சின் உறுமியது.

"பாத்தியா! பெரியவர் கை வச்சதும் கெளம்பிடுத்து!"

பத்மநாபன் கொடுத்த காபியை இஸ்ரவேல் மறுக்கவுமில்லை.

மூன்றாம் நாள் முனிர்காவுக்குப் போனார்.

"எலே சுப்பையா, அன்னைக்கு அந்த எர்த்து..."

"தெரியும் அண்ணாச்சி. நீங்க கழத்துனதுதான."

"தெரிஞ்சுமால வாயத் தொறக்கல?"

"நீங்களே சொல்லுவியன்னு நெனைச்சேன்."

இஸ்ரவேல் அங்கே உட்காரவில்லை. நேரே பத்மநாபன் வீட்டுக்கு நடந்து, வாசலில் நின்றபடியே முழுவதையும் சொன்னார்.

பத்மநாபன் சிரித்தார். "அடடா, இவ்வளவுதானா? விடுங்கோ. யாருக்குத்தான் மறக்கலை?"

"அவனுக்கு அந்த எலக்ட்ரீஷியன் வேலை..."

"அது நேத்தே முடிஞ்சுடுத்தே. கமிட்டில வேற ஆளைப் போட்டாச்சு. நீங்க முந்தாநாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவர் கையை விரித்தார். விரலில் இன்னும் பர்னால் களிம்பு மஞ்சளாக ஒட்டியிருந்தது. இஸ்ரவேல் தலையசைத்துவிட்டு, முனிர்காவை நோக்கித் திரும்பி நடக்கலானார். சுப்பையா வேலையைப் பற்றி நிச்சயம் கேட்பான்.