தன் ஊர் மெஷினைத் தேடி வந்தவர்

ஒரகடத்துத் தொழிற்சாலையைப் பார்க்க வந்த பிரெஞ்சு அம்மையாருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஒல்லியானவர், முன்பு அமைச்சர், இப்போது ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். யார் பேசினாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பார்த்தபடி கேட்பார்.

இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் மெஷின் முன் நின்றார்.

“இது என் ஊரில் ஓடியது. ஆலையை மூடமாட்டேன் என்றார் முதலாளி. அதை நம்பி மக்களுக்கு வாக்குக் கொடுத்தேன். மூடிவிட்டு மெஷின்களை இங்கே கொண்டுவந்துவிட்டார், என் பதவியும் போனது. அவரை விடமாட்டேன்.”

மெஷின் ஓட்டியவரிடம், கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கதவு எங்கே என்று கேட்கச் சொன்னார்.

“அத்தக் கயட்டிட்டாங்க சார். மாட்னா ஸ்பீடு வராதாம்,” என்று இரண்டு விரல் இல்லாத கையைக் காட்டினார் அவர்.

அந்தக் கையைப் பார்த்து அம்மையார் சிரித்தார். “முதலாளி மாட்டிக்கொண்டான்.”

ஊர் திரும்பியதும் நாடாளுமன்றத்தில் முதலாளியை வறுத்தெடுத்தார். ஒரே மாதத்தில் இங்கே கதவு மாட்டினார்கள். ஆனாலும் அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.