சுருதி சேர்த்த பிறகு

பழைய வாத்தியங்களைப் பழுதுபார்ப்பவனுக்குக் கைவேலை பாதி, அவற்றைக் கொண்டுவருகிறவர்களின் வருத்தத்தைக் கேட்பது மீதி. கடிகாரமோ தையல் மிஷினோ பழுதுபார்க்கும் நண்பர்களே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். சிரம்பானில், தெமியாங் பக்கம் கடை வைத்திருக்கும் என் பங்குக்குச் சில.

அப்பாவின் வயலின்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், யாழ்ப்பாணத்து வம்சம். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பாவின் வயலினைக் கொண்டுவந்தார். விரிசலை ஒட்டி, தந்தி மாற்றி, சுருதி சேர்த்து நீட்டினேன். வாசித்த பழக்கத்தில் இடது கையால் வாங்கப் பார்த்தார். பக்கவாதம் வந்த கை, விரல்கள் அசையவில்லை. "நீரே ஏதாவது வாசியும் தம்பி" என்றார். எனக்குச் சுருதி சேர்க்க மட்டும்தான் வரும் என்றேன். அவர் மெல்லச் சிரித்தார். "எனக்கு விரல் வராது, உமக்குப் பாட்டு வராது. அப்ப ரெண்டு பேரும் சுருதியோடயே நிப்பம்."

அண்ணன் தம்பி

கோலா கிளாவாங்கிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே காரில் வந்து, காலமான அப்பாவின் ஆர்மோனியத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எடுக்க வந்தபோது கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினேன். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே அது யார் வீட்டில் இருப்பது என்று சண்டை. அண்ணன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தம்பி மட்டும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, இது கெட்டுக் கெடந்தப்ப நாங்க ஒத்துமையாத்தான் இருந்தோம். பழையபடி கெடுத்துக் குடுத்திருங்கலா."

ரெம்பாவ் அக்கா

ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர், மனைவியின் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்தார். கல்யாணமான புதிதில் அக்கா கோயிலில் வாசித்துப் பாடுவாராம். ஆம்பளைகள் முன்னால் என்ன பாட்டு என்று இவர்தான் பெட்டியைப் பூட்டி அலமாரி மேல் ஏற்றியிருக்கிறார். அக்கா எத்தனையோ தடவை கேட்டும் இறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் வந்த பிறகு மனசு உறுத்தியிருக்கிறது. எலி கடித்த துருத்தியை மாற்றி, நானே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். துருத்தியை ஒருமுறை அசைத்து, ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். நாதம் சுத்தமாக எழுந்தது. அது அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

"பாடு புள்ள" என்று மண்டோர் கெஞ்சினார்.

அக்கா பெட்டியை மூடினார். "கேட்டப்ப குடுத்திருந்தா பாடியிருப்பேன். இப்ப குரலும் இல்ல, கோவமும் இல்ல. சோறு ஆறுது, வாங்க."

என் கடைக்கு வரும் வாத்தியங்கள் எல்லாம் குணமாகித்தான் போகின்றன. கொண்டுவருகிறவர்கள்தான் பெரும்பாலும் வந்தபடியே திரும்புகிறார்கள்.