ஒயர் அக்காவின் விசாரணை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்: "நெட் பெட்டி எங்க இருக்கு?" காட்டியதும் நேரே போய் அதன் ஒயரைப் பிடுங்கி, துண்டு போலத் தோளில் போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை அது அங்கேயே கிடக்கும். "இத விட்டுட்டு வைரஸ் எடுக்கறது, குழாயத் திறந்து வெச்சிட்டுத் தரையத் துடைக்கற மாதிரி" என்பார். எங்கள் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒயர் அக்கா என்றால் குழந்தை கூட வீட்டைக் காட்டும்.

ஐம்பதை ஒட்டிய வயது. ஒரு பெரிய அலுவலகத்தின் கணினிகளை மேய்த்து அலுத்துப்போய், இப்போது வீடு வீடாகப் போகிறார். கழுத்தில் பென் டிரைவ், பையில் ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய டூத் பிரஷ். கணினியைத் தொடுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு விசாரிப்பார். "வைரஸ் தானா வராது. யாராவது வாசல் வரைக்கும் போய்க் கூட்டிட்டு வந்திருப்பீங்க. யாருன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்." சொன்னது அவரோடு சரி. என் வீட்டுக்கு மூன்று முறை வந்திருக்கிறார். நான் எதை அழுத்தினேன் என்பது இன்றுவரை என் மனைவிக்குத் தெரியாது. அந்த ஒன்றுக்காகவே அவருக்கு நான் ஆயுள் அடிமை.

போன ஞாயிறு காலை கீழ்வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். அந்த வீட்டு மருமகள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். அறுபத்து நான்கு மீன்கள், ஐந்து மாத உழைப்பு, திங்கட்கிழமை பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். கணினியைத் திறந்தால் ஒரு மீனைக்கூடக் காணோம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, உடனே இந்த எண்ணைக் கூப்பிடவும் என்று திரை முழுக்கச் சிவப்பாக மிரட்டிக்கொண்டிருந்தது.

"வேற எங்கயாவது ஒரு காப்பி இருக்கா?" என்றார் அக்கா.

"எடுக்கணும் எடுக்கணும்னுதான் இருந்தேன்கா." அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த குரல்.

டார்ச் பிடிக்கும் பதவி எனக்கு வாய்த்திருந்ததால், விசாரணையின்போது என்னை வெளியே அனுப்பவில்லை. கணவர், "நான் அந்தப் பக்கமே போறதில்ல" என்று சொல்லிவிட்டு நழுவினார். மருமகள் வரைவதைத் தவிர வேறெதற்கும் அதைத் தொட்டதில்லை. கடைசியாக மாமனார். கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் வரிசை எண் போட்டே செய்பவர். கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காலி மாத்திரைப் பெட்டியை எடுத்து நீட்டினார். அதன் மேல் முத்து முத்தாக எழுதியிருந்தது: ஒன்று, பச்சைப் பொத்தான். இரண்டு, சம்மதம். மூன்று, இரண்டு முறை அழுத்தவும்.

"நாப்பத்தேழு வைரஸ் இருக்கு, சுத்தம் பண்ணவான்னு அதுவே கேட்டுச்சும்மா. பொண்ணு இவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்சு வெச்சிருக்கே, நாமளாவது பண்ணி வெப்போம்னு..." கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தெரிஞ்சாலும் என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. அதான் தாங்கல" என்றார்.

"சுத்தம் பண்றேன்னு வந்ததுதான் திருடன். உக்காருங்க, பாப்போம்."

தன் பென் டிரைவிலிருந்து சோதனையை ஓடவிட்டார். அது ஓடும்போது அக்கா திரையைப் பார்க்கவே மாட்டார். கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, பிரஷால் தேய்த்து, விழுவதையெல்லாம் ஒரு தாளில் சேர்ப்பார். பிஸ்கட் தூள், அழிரப்பர் துகள், ஒரு தோட்டின் திருகு. மருமகள் மூன்று மாதமாகத் தேடியது என்றார் மாமனார். திருகை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார்.

திருடன் அகப்பட்டான், அழிந்தான். மீன்கள் மட்டும் வரவில்லை. மாமனார் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க. அழிக்கல, ஒளிச்சுதான் வெச்சிருக்கு. பயமுறுத்திப் பணம் பறிக்கறதுதான் அதோட பொழப்பு." ஒரே ஒரு வரி தட்டினார். திரையில் ஒரு விலாங்கு வந்தது. பிறகு வாளை, சுறா, பெயர் தெரியாத மஞ்சள் வரி மீன் என்று மளமளவென நிறைந்தது. எனக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, சிரித்தேன். எல்லாவற்றையும் ஒரு புதிய பென் டிரைவில் நகல் எடுத்த பிறகுதான் அக்கா கதவைத் திறந்தார்.

மருமகள் ஓடிவந்து விரல் விட்டு எண்ணினார். அறுபத்து நான்கு. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்தபடி கேட்டார்: "யாருக்கா இத உள்ள விட்டது?"

மாமனார் ஜன்னல் கம்பியை ஆராயத் தொடங்கினார். மாத்திரைப் பெட்டி கீபோர்டுக்குப் பக்கத்திலேயே, எழுத்து தெரிய இருந்தது.

அக்கா திருகை மருமகளின் உள்ளங்கையில் வைத்தார். தாளில் சேர்த்த குப்பையை நிதானமாக அந்தப் பெட்டிக்குள் கொட்டி, மூடியை மடித்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.