சூஃபென் மெஷின்களை நிறுத்திய நாள்

இத்தாலியில் பிராத்தோ நகரத்தில் எங்கள் சீன ஆட்கள் நடத்தும் தையல் கூடங்களில் வாய்விட்டுச் சிரிக்கும் பெண்கள் குறைவு. யே சூஃபென் சிரித்தால் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். சீனாவில் வென்சௌவுக்குத் தெற்கே ருய்ஆன் பக்கத்துக்காரி. புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான். மகள் ஷின்யுவேயை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தபோது, பிள்ளைக்கு அப்போதுதான் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது.

நானும் அவளும் முதலாளி பான் தேஃபாவின் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மெஷின். எனக்கு ஜிப் வைக்கிற வேலை, அவளுக்கு ஓரம் அடிக்கிற வேலை. எங்கள் பாதிப் பேருக்குத் தங்கும் அனுமதி கிடையாது. அவளுக்கு இருந்தது. பான் போட்டுக் கொடுத்த வேலை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அதைப் புதுப்பித்து வந்தாள். அதே ஒப்பந்தத்தைக் காட்டித்தான் மகளை அழைத்துக்கொள்ளவும் மனுப் போட்டிருந்தாள். கூடம் இருந்தால் ஒப்பந்தம்; ஒப்பந்தம் இருந்தால் மகள். மகள் வந்தால் தங்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை பிடித்து, ஜன்னலுக்கு மஞ்சள் திரை தைத்து மாட்டிவிட்டாள். அங்கே இன்னும் கட்டில்கூட வரவில்லை.

எங்கள் கூடம் பழைய நெசவு ஆலைக் கட்டடம். வெளிச்சம் தெருவில் தெரியக் கூடாதென்று ஜன்னல்களில் அட்டை ஒட்டியிருக்கும். பின்பக்கம் பலகைத் தடுப்பு வைத்துப் படுக்கைகள், அதற்கு அடுத்துச் சமையல். இருந்ததே ஒரு வாசல்தான், அதற்கும் உள்ளிருந்து பூட்டு. பான் கெட்ட எண்ணத்தில் பூட்டவில்லை. சீனர்கள் காவல் நிலையத்துக்குப் போகமாட்டார்கள் என்பது திருடர்களுக்குத் தெரியும். ஒருமுறை கூடத்துக்குள்ளேயே புகுந்து அவர் மண்டையை உடைத்தார்கள். அந்தத் தழும்பு முடிக்குள் இன்னும் தெரியும். அன்றிலிருந்து ஒரு சாவி அவர் இடுப்பில், இன்னொன்று அவர் மனைவி ஆய்சின் கையில்.

அந்த வருஷம் கோடைக்கால கவுன்களுக்கு பாரிஸ் வியாபாரி ஒருவன் அவசர ஆர்டர் கொடுத்திருந்தான். அன்று சாயங்காலம் சரக்கு லாரியில் ஏற வேண்டும். மதியச் சோற்றை நின்றபடியே தின்றுவிட்டு எல்லோரும் மெஷினில் உட்கார்ந்துவிட்டோம். பான் வேனில் முதல் லோடை எடுத்துக்கொண்டு போயிருந்தார். என் எதிரே லிங்யான் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இருபதைத் தாண்டியிராத பெண், ஏழு மாதக் கர்ப்பம், அனுமதி இல்லாதவள். புருஷன் லாரியில் ஸ்பெயினுக்குச் சரக்கு கொண்டுபோயிருந்தான். பெரிய ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டு வயிற்றை மறைத்துக்கொள்வாள். எங்களுக்கு எல்லாம் தெரியும், கேட்கமாட்டோம்.

அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். நாற்காலியின் பஞ்சு மெத்தை முழுக்க ரத்தம்.

அவளே அதைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சூஃபென் வெட்டு மேசையில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். லாரிக்குப் போக வேண்டிய துணி அது. வைக்க வைக்க நனைந்தது.

ஆய்சின் தன் புருஷன் பானுக்குப் போன் போட்டாள். அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஆம்புலன்ஸ் கூப்பிடாதீங்க. டாக்டரம்மாவ நானே கூட்டிட்டு வரேன். அது வரைக்கும் கால உயர்த்திப் படுக்க வைங்க." டாக்டரம்மா என்பது பிஸ்தோயா சாலையில் ஒரு கடைக்குப் பின்னால் ஊசி போடும் பெண். சீனாவில் டாக்டராக இருந்தவளாம். காய்ச்சலுக்கும் இடுப்பு வலிக்கும் நாங்கள் எல்லோரும் அவளிடம்தான் போவோம்.

காத்திருந்தோம். லிங்யான் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் வலிக்கிறது என்றாள், பிறகு குளிர்கிறது என்றாள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆய்சின் மறுபடி போன் போட்டாள். டாக்டரம்மா கடையில் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார் பான். இதற்கு நடுவில் மூலையில் இரண்டு பேர் தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கை சும்மா இருந்தால் பயம் கூடும் என்பதாலோ என்னவோ, ஒவ்வொருவராக மற்றவர்களும் தைக்கத் தொடங்கினார்கள்.

சூஃபென் தன் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். அவளுக்குத் தெரிந்த இத்தாலி மொழி காய்கறிக் கடைக்கும் பேருந்துக்கும் போதும், அவ்வளவுதான். "பொண்ணு. வயித்துல குழந்தை. ரத்தம், நிறைய ரத்தம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் முகவரி கேட்டார்கள். அவளுக்குத் தெரு பெயர் சொல்லத் தெரியவில்லை. நூல்கண்டு வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி, அதில் ஒட்டியிருந்த எங்கள் கூடத்து முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

ஆய்சின் பாய்ந்து வந்தாள். "என்ன பண்ணிட்ட நீ?"

"வண்டி வருது. வாசலத் திறங்க, முதலாளியம்மா."

"திறந்தா அவங்க உள்ள வருவாங்க. படுக்கையப் பாப்பாங்க, சிலிண்டரப் பாப்பாங்க. நாளைக்கு சீல் வெப்பாங்க. இங்க இருக்கிறவங்க எல்லாம் எங்க போவாங்க?"

"இவ செத்துப்போவா."

"டாக்டர் வந்துக்கிட்டு இருக்காங்க." ஆய்சின் குரல் தாழ்ந்தது. "சூஃபென், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கூடம் போச்சுன்னா உன் ஒப்பந்தம் போச்சு. உன் பொண்ணு வருவாளா? நல்லா யோசிச்சுக்கோ."

சூஃபென் கைகளைச் சட்டையில் துடைத்தாள், அதுவும் ரத்தமாயிற்று. ஆய்சினும் அழுதுகொண்டிருந்தாள். சாவியை இறுகப் பிடித்ததில் விரல் வெளுத்திருந்தது. பிடுங்கினால் பிடுங்கியிருக்கலாம், சூஃபென் அவளைவிடப் பலசாலி. அவள் பிடுங்கவில்லை. திரும்பி நடந்தாள். மெஷினுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் சுவர் ஓரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

எல்லா மெஷினும் ஒன்றாக நின்றன. விளக்குகளும் போயின. அட்டையின் விளிம்பில் மட்டும் வெயில் கோடாகத் தெரிந்தது. அந்தக் கூடத்தில் நாங்கள் கேட்டேயிராத அமைதி. அதில் லிங்யான் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது, மெல்ல, ஒழுங்கில்லாமல். மூலையில் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

"அவ மூச்ச எல்லாரும் கேளுங்க" என்றாள் சூஃபென். "கேட்டுட்டு, தைக்கிறவங்க தைங்க."

யாரும் சுவிட்சைப் போடப் போகவில்லை. அயர்ன் மேசைக்காரர் ஹு, வயதில் எங்களுக்கெல்லாம் மூத்தவர், எழுந்து தன் செருப்பை மாட்டினார். அவருக்கும் அனுமதி இல்லை. "முதலாளியம்மா, திறங்க. பேப்பர் இல்லாதவங்க நாங்க முன்னால போயிடுறோம். ரயில் பாதைப் பக்கமாப் போயிக்கிறோம்" என்றார்.

ஆய்சின் தானே வாசலுக்குப் போனாள். இருட்டில் சாவி பூட்டில் ஏறவில்லை. ஹுதான் அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். கதவு திறந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. எட்டுப் பத்துப் பேர் கைப்பையும் கோட்டுமாக வெளியேறினார்கள். ஓடினால் சந்தேகப்படுவார்கள் என்று வேகமாக நடந்தார்கள். கடைசி ஆள் தெருமுனை திரும்பும்போது சைரன் கேட்டது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் வயதைக் கேட்டார்கள், எத்தனையாவது மாதம் என்று கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. சூஃபென் ரத்தச் சட்டையோடும் வீட்டுச் செருப்போடும் வண்டியில் ஏறிவிட்டாள். வண்டி போன கொஞ்ச நேரத்தில் பானின் வேன் வந்தது. டாக்டரம்மா முன்சீட்டில் இருந்தாள். பான் இறங்கி, திறந்து கிடந்த வாசலைப் பார்த்தபடி நின்றார். உள்ளே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சூஃபென் பிறகு சொன்னாள். லிங்யான் தன் பெயரைச் சொல்லப் பயந்தாளாம். மொழிபெயர்க்க வந்த சீனப் பெண், இங்கே வைத்தியத்துக்கு வருகிறவர்களைப் போலீசுக்குச் சொல்லக் கூடாது, அது சட்டம் என்று காதருகே குனிந்து சொன்ன பிறகுதான் சொன்னாள். அறுவைச் சிகிச்சை நடந்தது. ரத்தம் ஏற்றினார்கள். லிங்யான் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் குழந்தையையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சூஃபென் லிங்யானிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னார்களா, அக்கம்பக்கத்தார் சொன்னார்களா, யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்றுதான், சூஃபென். மெஷின்களுக்கு சீல் வைத்தார்கள். யாரும் நுழையாதபடி வாசலில் நாடா ஒட்டினார்கள். ஆர்டர் போயிற்று. ஆளுக்கொரு திசையாகச் சிதறினோம். பான் சில மாதத்தில் மைத்துனன் பெயரில் வேறு தெருவில் கூடம் திறந்தார். என்னைக் கூப்பிட்டார், போனேன். சூஃபென்னை யாரும் கூப்பிடவில்லை.

அவள் தானே போய்க் கேட்டாள். 'ஓவர்லாக் ஆள் தேவை' என்று வாசலில் தாள் ஒட்டியிருக்கும். அவள் உள்ளே போனால் ஆள் வந்தாகிவிட்டது என்பார்கள். அவள் வெளியே வந்த பிறகும் தாள் அப்படியே இருக்கும். அவள் அனுமதிக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. புதுப்பிக்காவிட்டால் மகளுக்கான மனு செத்துவிடும். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். உணவகத்தில் தட்டுக் கழுவினாள். அங்கே ஒப்பந்தம் தரவில்லை.

ஒருநாள் பிஸ்தோயா சாலையில் நானும் அவளும் நடந்துகொண்டிருந்தபோது பான் எதிரே வந்தார். கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சண்டை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"சாப்பிட்டியா?" என்றார் பான்.

"சாப்பிட்டேன், முதலாளி."

"நீ செஞ்சது தப்புன்னு நான் யார்கிட்டயும் சொல்லல." கடை வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "ஆனா உனக்கு வேல குடுங்கன்னும் சொல்ல மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கு."

"நான் கேக்கலையே" என்றாள் சூஃபென். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவள் கை என் முழங்கையில் இருந்தது, நகம் பதிந்துவிட்டது.

கடைசியில் வழி காட்டியது ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்த அந்தப் பெண்தான். அவள் குடியிருந்த வீட்டுக்காரியின் தங்கை ஓர்னெல்லா, இத்தாலிக்காரி, பழைய கம்பளித் துணிக் கிடங்கு வைத்திருந்தாள். ஐரோப்பா முழுவதிலிருந்தும் கந்தல் மூட்டை மூட்டையாக வரும். நிறம் வாரியாகப் பிரித்து, பொத்தானையும் உள்துணியையும் கத்தரித்துப் போட வேண்டும். ஆலையில் அரைத்துப் புது நூலாக்குவார்கள். தூசி மூக்கை அடைக்கும், குளிர்காலத்தில் விரல் மரத்துப்போகும். எங்கள் ஆட்கள் யாரும் போகாத வேலை. ஓர்னெல்லா அதிகம் பேசமாட்டாள், முகத்தில் சிரிப்பும் கிடையாது. ஆனால் முதல் வாரமே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாள். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது அனுமதி புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று.

முதலாளி மாறியதால் மகளுக்கான மனுவை முதலிலிருந்து போடச் சொன்னார்கள். அந்தச் செய்தியை அவள் போனில் சொன்னபோது நான் அவள் அறையில் இருந்தேன். ஷின்யுவே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போன வருஷமும் இதத்தானம்மா சொன்ன" என்றாள்.

"ஆமா. இன்னும் கொஞ்ச நாள்."

"எதுக்கு லேட்டுன்னு மாமா கேட்டாரு. யாருக்கோ உதவி செய்யப் போயி வேலைய விட்டுட்டன்னு அத்தை சொன்னாங்க. நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப அவங்க பெரிசு, நான் சின்னவளா?"

"ஷின்யுவே" என்று ஆரம்பித்தாள் சூஃபென். அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அன்று அவள் சாதத்தைப் போட்டு வைத்துக்கொண்டு தொடவே இல்லை.

ஷின்யுவே வந்தது அதற்கு அடுத்த வசந்தத்தில். பொலோஞா விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். போட்டோவில் பார்த்ததைவிட உயரமாக, முதுகுப் பையோடு வந்தாள். சூஃபென் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். பெண் சற்றுத் தள்ளி நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இவ்வளவு குள்ளமா?" என்றாள்.

"நீ வளந்துட்ட" என்றாள் சூஃபென். ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். அம்மா உரித்துக் கொடுத்த ஆரஞ்சைப் பெண் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அதுவே பெரிது.

லிங்யான் புருஷனோடு பக்கத்தில் எம்போலி ஊருக்குப் போய்விட்டாள். புத்தாண்டுக்கு மட்டும் போன் செய்வாள். குழந்தையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

சென்ற மாதம் கறிக்கடை வரிசையில் சூஃபென்னும் மகளும் நானும் நின்றுகொண்டிருந்தோம். எங்களோடு பழைய கூடத்தில் பொத்தான் வைத்த ஒருத்தி பின்னால் நின்றாள். எங்களுக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "இவளாலதான் நாங்கல்லாம் நடுத்தெருவுல நின்னோம். சரி, அந்தக் குழந்தையாவது பொழச்சுதா? அதுவும் இல்ல."

ஷின்யுவே அம்மாவைப் பார்த்தாள். முன்பென்றால் சூஃபென் எதையாவது சொல்லிச் சிரித்திருப்பாள்.

அவள் திரும்பி நின்று அமைதியாகச் சொன்னாள். "நீங்க நடுத்தெருவுல நின்னது உண்மைதான், அக்கா. அதுக்கு நான் வருத்தப்படாத நாள் இல்ல. ஆனா லிங்யான் உயிரோட இருக்கா. புத்தாண்டுக்கு அவ தலைமுடிய சிவப்பா அடிச்சுக்கிட்டாளாம், உங்களுக்குத் தெரியுமா?"

கறிக்காரன் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். ஷின்யுவே முந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட இந்த ஊர் இத்தாலிப் பேச்சில், பன்றி விலா ஒரு கிலோ, சின்னதாக வெட்டி, என்றாள். பையையும் அவளே வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் மற்றக் கையால் அம்மாவின் கோட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கையைப் பிடிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை.