மாமியார் கல்

ஒரியெத்தாவின் பாதையில் பாதி இறங்கியதும் மாமியார் குறுக்கே உட்கார்ந்திருப்பாள். தொடையளவு உயரச் சுண்ணாம்புக் கல். உச்சந்தலை டயர் பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும், முகமெல்லாம் பொத்தல். சைக்கிளோடு அதன் மேலிருந்து குதிக்க வேண்டும். முடியாதென்றால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக இறங்கி வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இத்தாலியக் கடலோர ஊரான ஃபினாலேவுக்குப் பின்னாலுள்ள எங்கள் பள்ளத்தாக்கில் காட்டுப் பாதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெயர் வைத்துக் கூப்பிடும் கல் இது ஒன்றுதான். வைத்தவள் ஒரியெத்தா. "மரியாதையா வந்தா விட்டுடுவா. துடுக்கா வந்தா பல்லைப் பேத்துடுவா" என்பாள். அவளுடைய சொந்த மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். அவரும் இதைக் கேட்டுச் சிரித்ததாக அவள் புருஷன் அம்பேலியோ சொல்வான். ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

அவள் சைக்கிள் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அப்பா மலைமேல் கல் குவாரியில் கூலி. இவள் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தாள். சைக்கிளில் காடு சுற்ற வந்த ஜெர்மன்காரன் ஒருவன் தோள் எலும்பை முறித்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருக்க, அவனுக்குச் சூடாக ஃபொகாச்சா ரொட்டி கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாள். அவன் வெறுத்துப்போய் சைக்கிளை அவளிடமே விட்டுவிட்டுப் போனான். அதுதான் ஆரம்பம். அந்தக் காலத்துக் கரிமூட்டக்காரர்கள் கழுதை ஓட்டிய தடம் ஒன்று, ஓக் மரங்களுக்கு அடியில் முள் மண்டிக் கிடந்தது. மத்தியானம் கடை வேலை முடிந்ததும் மண்வெட்டியும் ரம்பமுமாக அங்கே ஏறிவிடுவாள். கல்யாணம் ஆகாத பெண் காட்டுக்குள் என்ன தோண்டுகிறாள் என்று ஊர் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று அவள் தோண்டினாள்.

அம்பேலியோ காட்டுப்பன்றி வேட்டைக் கூட்டத்தில் இருந்தவன். துப்பாக்கியும் நாய்களுமாக ஒருநாள் எதிரே வந்து நின்றான்.

"ஏம்மா, நீ இப்படி டங்கு டங்குன்னு அடிச்சா பன்னி எப்படி வரும்?"

"உன் மூஞ்சியப் பாத்துட்டுப் பன்னி ஓடுனா, என் மண்வெட்டி மேல ஏன்யா பழி போடுற?"

சண்டை பஞ்சாயத்து வரை போனது. கடைசியில் ஓர் ஏற்பாடு. செவ்வாயும் வெள்ளியும் எப்படியும் வேட்டைக்குத் தடை. அந்த இரண்டு நாளும் காடு அவளுடையது, மற்ற நாள் அவள் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமையே அம்பேலியோ துப்பாக்கி இல்லாமல் கடப்பாரையோடு வந்து நின்றான். ஊருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அவர்கள் இருவருக்கும்தான் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

பாதை முடிந்தது, கல்யாணம் ஆனது, பிறகு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். ஆட்களையும் சைக்கிளையும் வேனில் ஏற்றி மலையுச்சியில் இறக்கிவிடுவது இங்கே ஒரு பிழைப்பாகவே ஆகிவிட்டது. சில்வானோ அப்படிப் பிழைப்பவன். மாமியாரைப் பார்த்துப் பயந்த ஆட்கள் பக்கவாட்டில் குறுக்குத் தடம் போட்டார்கள். ஒரியெத்தா மரக்கட்டையை உருட்டி அதை அடைத்தாள். மறுபடி போட்டார்கள், மறுபடி அடைத்தாள்.

"அக்கா, கஸ்டமர் பயப்படுறான். கீழ நாலு கல்லு அடுக்கி, மண்ணு போட்டுச் சரிவாக்கிடலாமே" என்று சில்வானோ கெஞ்சிப் பார்த்தான்.

"பயந்தா நடக்கட்டும். நடக்கத்தானே ஓரத்துல எடம் விட்டிருக்கேன்? நீயும் நட. அந்தத் தொப்பைக்கு நல்லது."

அவள் புருஷனே நடக்கிறவன்தான். இத்தனை வருஷத்தில் அம்பேலியோ ஒரு தடவைகூட மாமியாரைத் தாண்டியதில்லை. அவள் ஒரே குதியாகக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்ப்பாள். "ஐயா சைக்கிளுக்குப் பல்லக்குத் தூக்குறார், எல்லாரும் வழி விடுங்க." அவனும் சளைக்காமல், "ஒரு மாமியாரோட மல்லுக்கட்டுனதே போதும்" என்பான். அவன் அம்மாவைப் பற்றியா, அவள் அம்மாவைப் பற்றியா என்று அவள் கேட்டதில்லை.

போன ஈஸ்டருக்குக் கடையில் தட்டு ஒன்று அவள் வலது கையிலிருந்து நழுவியது. சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு சாவி திருகவில்லை. ஜெனோவாவில் டாக்டர் நரம்பு என்றார். முதலில் கை, அப்புறம் கால் என்று ஆரம்பித்து, அதற்கு மேல் சொல்லாமல் மேஜையைப் பார்த்தார். அம்பேலியோ நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"பிரேக் புடிக்கிற வெரல் எத்தனை நாளைக்கு இருக்கும் டாக்டர்?"

"மழைக்காலம் வரைக்கும் இருந்தா பெரிய விஷயம்மா."

அன்றிலிருந்து அந்த விரலை அவள் சேமித்தாள். சாப்பிடுவது, சீவுவது, கதவு திறப்பது எல்லாம் இடது கையில். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சைக்கிளைத் தொடவே இல்லை, பாதைப் பக்கமும் போகவில்லை. ஒரே ஓர் இறக்கத்துக்குத்தான் விரலில் பலம் மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு தடவை" என்றாள் அம்பேலியோவிடம். "உச்சியிலேர்ந்து ஆத்துப் பாலம் வரைக்கும். கால் தரையில படாம. மாமியார்கிட்ட முறைப்படி சொல்லிக்கிட்டு வந்துடுறேன். அப்புறம் சைக்கிளை யாருக்கு வேணா குடு."

"வேற பாதையில போயேன். அகலமா, மெத்தை மாதிரி எத்தனை கெடக்கு."

"எனக்குன்னு ஒண்ணு இருக்கிறப்ப ஊரான் பாதையில ஏன்யா போகணும்?"

அவன் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். பேசாமல் போனதில்தான் வினை. அந்தச் செவ்வாய்க்கிழமை, சருகு கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையோடு போனான். சில்வானோவும் கூடப் போனான்.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. முந்தின நாள் மழையும் இல்லை. ஈரமானால் எங்கள் கல் சோப்பு மாதிரி வழுக்கும். சில்வானோ அவளை உச்சியில் இறக்கிவிட்டு, சைக்கிளை எடுத்துக் கொடுத்தான். வழக்கமாக வாயை மூடாதவன் அன்றைக்கு அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"என்னடா தம்பி, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. பாத்துப் போ."

அவள் இறங்கினாள். முதல் வளைவு, செஸ்ட்நட் மரத்தடி, சிவப்பு மண், பிறகு வெள்ளைக் கல் சிதறிய திட்டு. ஒவ்வொன்றும் அவள் கையால் செய்தது, ஒவ்வொன்றும் அவளுக்கு வழி விட்டது. விரல் வலித்தது, ஆனாலும் மடங்கியது. வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஓக் மரங்கள் விலகின. மாமியாரின் வழுக்கைத் தலை தெரிந்தது. வேகத்தைக் குறைத்து, உடம்பைப் பின்னால் தள்ளி, அந்த ஒரு கணம் காற்றில் நிற்பதற்காக மூச்சைப் பிடித்தாள்.

அந்தக் கணம் வரவே இல்லை. சக்கரம் தரையை விடாமல் வழுக்கிக்கொண்டு போனது. கல்லுக்கு அடியில் மண்ணும் கல்லும் அடுக்கிச் சரிவு போட்டு, மேலே சருகு தூவியிருந்தது. குதித்து விழுகிற இடத்தில் சமதளம் இருக்கும். அங்கே பிரேக்கை அழுத்தித்தான் அடுத்த வளைவுக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சமதளத்தையும் சரிவு விழுங்கியிருந்தது. அவள் விரலில் இருந்ததையெல்லாம் திரட்டி இறுக்கினாள். போதவில்லை. வளைவைத் தாண்டி, சிவப்புப் பழம் காய்த்த புதருக்குள் போய் விழுந்தாள்.

பெரிய ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து அம்பேலியோ மருந்துப் பையோடு ஓடி வந்தான். பாலத்தில் காத்திருப்பதாக அவளிடம் சொல்லியிருந்தவன்.

"எங்கடி அடி? தலையக் காட்டு. ஒரியெத்தா, பேசு."

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்தாள்.

"யாரு பண்ணது?"

அவன் பையைக் கீழே வைத்தான். "நான்தான். நீ விழுந்துடக் கூடாதுன்னு..."

"குதிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டேன்யா. எறங்குற எடத்த எதுக்குச் சமமா வச்சேன்? அதையும் சேத்து மூடிட்டியே. நீயும் என்னோட சேந்து வெட்டுனவன்தானே?"

"எனக்கு அதெல்லாம் தோணல. கல்லுதான் கண்ணுல நின்னுச்சு. ராத்திரி கண்ணை மூடுனா அதுல நீ தல குப்புற விழறதுதான் தெரிஞ்சுது."

"ஒருத்தனுக்கும் தணிக்காத கல்ல எனக்குத் தணிச்சிருக்க. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதானே?"

அவன் அழுதான். அறுபது வயது வேட்டைக்காரன், காட்டு நடுவில், மறைக்கக்கூடத் தோன்றாமல் அழுதான். "இப்பவே எல்லாத்தையும் எடுத்துடறேன். பழையபடி ஆக்கிடறேன். கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்கு. நானே மேல வரைக்கும் சைக்கிளைத் தூக்கிட்டு வரேன். மறுபடி வா."

அவள் சைக்கிளை நிமிர்த்தச் சொன்னாள். வலது கையைப் பிரேக்கில் வைத்தாள். விரல் அதன் மேல் கிடந்தது. அழுத்தச் சொல்லி மனசு சொன்னது. விரலுக்கு அது போய்ச் சேரவில்லை. அம்பேலியோதான் அந்த விரலைப் பிரேக்கிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"எடு" என்றாள். "நான் பாக்கணும்."

சில்வானோவும் வேனைப் பாலத்தில் விட்டுவிட்டு மூச்சிரைக்கக் கீழேயிருந்து ஏறி வந்து சேர்ந்தான். இருவரும் மண்ணைத் தள்ளினார்கள், அடுக்கிய கல்லைப் பிரித்தார்கள். அவள் ஓரமாக நின்று, இது இல்லை அது, இன்னும் கீழே, அந்தச் சின்னக் கல் முதலிலிருந்தே அங்கே இருந்ததுதான், விடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சமதளம் பழையபடி வெளியே வந்தது. மாமியாரின் பொத்தல் முகமும் வெளியே வந்தது. சில்வானோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனான்.

ஒரியெத்தா கல்லுக்கு மேலே ஏறிப் போனாள். அங்கேயிருந்து இறங்க வேண்டும் என்றாள். அம்பேலியோ அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஓரத்து வழி அவளுக்குப் பழக்கமில்லை. அடுத்தவர்களுக்காக அவள் வெட்டியது. காலால் துழாவித் துழாவி இறங்கினாள். எங்கே கால் வைக்க வேண்டும், எந்த வேரைப் பிடிக்க வேண்டும் என்று அவன்தான் சொல்லிக்கொண்டே வந்தான்.

கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷம் இப்படித்தான் வந்தியா?"

"ஆமா."

"நடந்து வந்தா ரொம்ப ஒசரமாத்தான்யா இருக்கு."