பனிமலைக்கு முதுகைக் காட்டியவர்

என் கணவர் எங்களை அலாஸ்காவுக்குக் கப்பலேற்றியது பனிமலை பார்க்க அல்ல. சங்ககிரியில் இருக்கும் அவருடைய பங்காளி, போன வருஷம் சுவிட்சர்லாந்து போய்வந்த படத்தை வரவேற்பறையில் பெரிதாக மாட்டிவிட்டார். அந்த எரிச்சல்தான் எங்களை நாமக்கல்லிலிருந்து அவ்வளவு தூரம் துரத்தியது.

கப்பல் பனிமலைக்கு எதிரே நின்றது. மிதக்கும் பனிக்கட்டிகளில் கடல்நாய்கள் படுத்திருந்தன. மேல்தளமே மலையைப் பார்த்துத் திரண்டு நின்றது. இவர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த பங்காளியை வீடியோ காலில் எழுப்பிக் கத்திக்கொண்டிருந்தார். அப்போது இடி போல ஒரு சத்தம்.

“ஏனுங்க, திரும்பிப் பாருங்க, மலை இடிஞ்சு உளுகுது!” என்றேன்.

“நான் பாக்கவா வந்தேன்? அவன் பாக்கோணும், சும்மா இரு!”

போனிலிருந்து பங்காளியின் குரல் வந்தது: “அண்ணா, உங்க தலை மறைக்குதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

இவர் பணிவாகத் தள்ளி நின்றார். அப்போதும் திரும்பவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கோபத்துக்குப் பயந்தவள் நான். அன்றோடு அந்தப் பயம் விட்டுப்போயிற்று.

மலை விழுந்த விதத்தைப் பங்காளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, இப்போது கல்யாண வீடுகளில் கண்ணால் கண்டதுபோல் விவரிக்கிறார். நான் மறுப்பதில்லை. அவர் பேசும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன்.